லாபம், ரெண்டு

ஒன்னா ரெண்டா, யோசிச்சு வையுங்ணா, வண்டிய மேல ஏத்திட்டு வந்தர்றேன் என்று சொல்லிவிட்டு மெக்கானிக் அப்பாஸ் உள்ளே போய்க் கால்மணி நேரம் இருக்கும், நாச்சிமுத்து அந்த பிளாஸ்டிக் உறை போட்ட அட்டையை மடியில் வைத்துக்கொண்டு, படிக்கிறவர் மாதிரி, படிக்காமல் உட்கார்ந்திருந்தார். அட்டையில் ரெண்டு கட்டம். இடது கட்டத்தின் தலையில் ஸ்டேஜ் ஒன்று, வலது கட்டத்தின் தலையில் ஸ்டேஜ் ரெண்டு. இடது பக்கம் பார்க்கையில் எழுத்தெல்லாம் பளிச்சென்றுதான் இருக்கிறது, வலது பக்கம் போனால் மசமசவென்று ஆகிவிடுகிறது. கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்துப் போட்டுப் பார்த்தார். அதே மசமசப்பு. கண்ணாடி மேல் பழியில்லை என்று அவருக்கே தெரியும். போத்தனூர் போகிற வழியில் இந்தத் தகரக் கொட்டகை, காலை ஒன்பது மணிக்கே உள்ளே வெக்கை, சுவரில் வரிசையாக ஸ்பேனர், தரையில் எண்ணெய்க் கறை, நடுவில் தன் வீட்டு வண்டி, சிவப்பு வண்டி, வாணியின் வண்டி, நாலு காலும் அந்தரத்தில் தொங்கத் தூக்கி நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கீழிருந்து அதைப் பார்க்க அவருக்கு ஒரு மாதிரி கூச்சமாக இருந்தது. ஆறு வருஷமாகப் பார்க்கிற வண்டிதான், ஆனாலும் அதன் வயிற்றுப் பக்கத்தை இன்றைக்குத்தான் பார்க்கிறார். அவர் மனைவி வாணி அதைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, ஆசிரியர் பயிற்சி வகுப்பு என்று டவுனுக்கு ஆட்டோ ஏறிப் போனாள். கோட்டூரில் வாத்தியாரம்மா. ஏறும்போது காலை ஒன்றை வெளியே வைத்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போனாள். "ஏனுங், ரெண்டாவது. நல்லாக் கேட்டுக்குங்க. மறந்தாப்புல ஒன்னப் போட்டுட்டு வந்து பல்லைக் காட்டிட்டு நிக்காதீங்க. ரெண்டு மணிக்கு வந்துருவேன்."

ஸ்டேஜ். இந்தப் பாழாய்ப்போன வார்த்தையை விட்டால் இவர்களுக்கு வேறே வார்த்தை கிடைக்கவில்லையா. முதல் தரம், ரெண்டாம் தரம் என்று வைக்கலாம், கொப்பரையில் அப்படித்தானே வைக்கிறோம். சாதா, ஸ்பெஷல் என்று வைக்கலாம், தோசைக்கு வைக்கவில்லையா. நாச்சிமுத்துவுக்கு ஐம்பத்தாறு வயசு. அதில் ஐம்பத்து நாலு வயசு வரைக்கும் ஸ்டேஜ் என்றால் பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிற ஸ்டேஜ்தான். அடுத்த ஸ்டேஜுக்கு ஏறிட்டுதுங்க, இன்னும் அம்பது பைசா குடுங்க என்று கண்டக்டர் கேட்பாரே, அது. பிற்பாடு ஒரு நாள் அவினாசி ரோட்டுப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில், கண்ணாடிக் கதவு போட்ட ரூமில், குளிர் காற்று பிடரியில் அடிக்க, டாக்டர் காகிதத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, மார்புல இருக்கறது ஸ்டேஜ் டூங்க என்றார். நாச்சிமுத்துவுக்குக் காது அடைத்துவிட்டது. டாக்டரின் உதடு அசைகிறது, மேசை மேல் ஒரு பேனா உருண்டு உருண்டு விளிம்புக்குப் போகிறது, யாராவது பிடியுங்களேன் என்று இருக்கிறது, கை வரமாட்டேன் என்கிறது. வாணிதான் பேனாவைப் பிடித்து நேராக வைத்தாள். வைத்துவிட்டுக் கேட்டாள், "மொத்தம் எத்தனைங்க டாக்டர்?" டாக்டருக்குப் புரியவில்லை. "ஸ்டேஜுங்க. மொத்தம் எத்தனை?" "நாலும்மா." "அப்பப் பாதி வழியிலயே கண்டுபுடிச்சாச்சு" என்று திரும்பி இவரைப் பார்த்தாள், பஸ்ஸில் இடம் பிடித்துக் கொடுத்தவள் மாதிரி. அதற்கப்புறம் ரெண்டு வருஷம் நாலு மாசம். வெட்டி எடுத்தாயிற்று, ஊசி மருந்து ஏற்றியாயிற்று, கரண்டு வைத்தாயிற்று, முடி போய் முடி வந்தாயிற்று, வந்த முடி சுருட்டையாக வந்து, கண்ணாடி முன்னால் நின்று பாருங்க, ஓசியில அழகு நிலையம் என்று சிரித்தும் ஆயிற்று. இப்போது ஆறு மாசத்துக்கு ஒருதரம் வந்து காட்டினால் போதும் என்கிறார்கள். எல்லாம் நல்லபடியாகத்தான் இருக்கிறது. ஆனால் நாச்சிமுத்து அந்த வார்த்தையை மட்டும் இதுநாள் வரை வாயால் சொன்னதில்லை. யாராவது விசாரித்தால், "ஆரம்பத்துல பாத்துட்டோமுங்க" என்பார். அவ்வளவுதான். அதற்கு மேல் நாக்கு நகராது.

அப்பாஸ் நாற்பதைத் தொடப்போகிற ஆள், கையில் எந்நேரமும் ஒரு துணி, சொல்வதைப் பொறுமையாகச் சொல்லுவான். காலையில் வாணியிடம் சொன்னதையே இவருக்கும் ஒருதரம் சொல்லியிருந்தான். முதலாவது என்றால் வண்டியில் எதையும் கழற்ற வேண்டாம், இஞ்சினுக்கு மூளை மாதிரி ஒரு கம்ப்யூட்டர் பெட்டி இருக்கிறது, அதில் எழுதி வைத்திருப்பதை அழித்துவிட்டு வேறே எழுதுவது, எவ்வளவு காற்று, எவ்வளவு பெட்ரோல், காற்றை உள்ளே திணிக்கிற டர்போ எவ்வளவு ஊத வேண்டும் என்று. ரெண்டாவது என்றால் எழுத்தோடு நிற்காது. புகை வெளியே போகிற முதல் குழாயை எடுத்துவிட்டு அகலமான குழாய் போடுவது, உள்ளே வருகிற காற்றுக்குப் பெரிய வழி வைப்பது, சூடான காற்றைக் குளிர வைக்கிற இன்டர்கூலரைப் பெரிதாக மாட்டுவது, அப்புறம் அதற்குத் தகுந்த மாதிரி எழுதுவது. நூற்றுப் பதினெட்டுக் குதிரை இருக்கிற வண்டி முதலாவதில் நூற்று நாற்பது போகும், ரெண்டாவதில் நூற்று அறுபதுக்குப் பக்கத்தில் போகும். நாச்சிமுத்துவுக்குக் கார் சமாச்சாரம் தெரியாது, ஆனால் இது நன்றாகவே புரிந்தது. அவர் களத்தில் கொப்பரை உலர்த்த ஒரு சூளை உண்டு, மழை நாளில் தொட்டியில் சிரட்டையைப் போட்டு மூட்டுவார்கள். புகைக்கூண்டு சின்னதாக இருந்தபோது தீ எரிந்தும் எரியாமல் புகைந்துகொண்டே கிடக்கும், கொப்பரை கறுத்துப்போகும். கூண்டை அகலமாக்கின அன்றைக்குத் தீ நிமிர்ந்து நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. "போறதுக்கு வழியிருந்தாத்தானே தம்பி வாறதுக்கு வழி" என்று அவர் சொன்னபோது அப்பாஸ் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, "அண்ணா, இதை நான் படிச்ச பசங்களுக்கு அரை மணி நேரம் படம் போட்டுக் காட்டறேன்" என்றான். புரிந்ததுதான் பிரச்சினை. புரியாதிருந்தால் உங்க இஷ்டம் என்று விட்டிருப்பார். தீ நிமிர்ந்து நின்ற அன்றைக்கே ஓலைக் கூரையில் பொறி பறந்து ஒட்டிக்கொண்டதும் அவருக்கு நினைவிருக்கிறதே.

போன மாசம் வால்பாறைக்குப் போனார்கள். ஆழியாறு தாண்டி நாற்பது கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்ட பலகை. பதிமூன்றாவதோ பதினாலாவதோ, முன்னால் ஒரு லாரி, கறுப்புப் புகையை இவர்கள் முகத்தில் விட்டுக்கொண்டு ஊர்ந்தது. வாணி கியரை இறக்கி மிதித்தாள். வண்டி ஒரு நொடி யோசித்தது. ஒரே ஒரு நொடி. எதிரே பஸ்ஸின் மூக்கு தெரிந்ததும் வாணி மறுபடி லாரி பின்னாலேயே பதுங்கிக்கொண்டாள். பல்லைக் கடித்தாள். "பாருங்க, ஆசை இருக்குது, மூச்சு பத்தல இதுக்கு" என்றாள். அன்றைக்கு ராத்திரியே ஃபோனில் தேட ஆரம்பித்தவள்தான். நாச்சிமுத்துவுக்கு அந்த ஒரு நொடி போதும், அது முந்தாதது போதும், அந்த லாரிக்குப் பின்னாலேயே சாயங்காலம் வரைக்கும் ஊர்ந்து போனாலும் போதும். அவள் உடம்பு தேறி முதல் முதலாகச் சாவி எங்கே என்று கேட்ட அன்றைக்கு அவர் சாவியைக் கொண்டுபோய் அரிசி டிரம்மில் புதைத்தார். அன்றைக்குச் சாயங்காலமே அரிசி எடுக்கப் போனவள் கையில் அகப்பட்டது. "சோத்துல கார் விளையுமா மாமா?" என்று அரிசி ஒட்டின சாவியை ஆட்டிக்காட்டினாள். தண்ணிக் குடத்தைத் தூக்கினால் ஓடுவார். படியேறினால் பின்னால் நிற்பார். களைப்பா இருக்குதா அம்மிணி, களைப்பா இருக்குதா என்று நாளைக்கு நாற்பது தரம். "இன்னொரு வாட்டி கேட்டீங்கன்னா நெசமாலுமே களைப்பாயிரும்" என்றாள். ஏன் கேட்கிறார் என்றால், கேட்காமல் விட்ட ஒரு நாளில்தான் அது வந்து உட்கார்ந்தது. அக்குளில் என்னமோ உருட்டாட்டம் தட்டுப்படுது என்று அவள் சொன்னபோது அவர் களத்து மூட்டைக் கணக்கில் இருந்தார். ம் என்றார். அந்த ம். ஒரு மாசம் அந்த ம்மிலேயே போயிற்று. இப்போது இன்னொரு ம் போட்டு, ரெண்டாவதே ஆகட்டும் என்று சொல்லி, அவளாகப் போய் ஒரு வளைவில்… வேண்டாம். யோசிக்கவே வேண்டாம். பெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு பல்லி சுவரில் நகராமல் இருந்தது. அதையே பார்த்தார். அதுவும் இவரைப் பார்த்தது.

அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கையில்தான் அந்த எண்ணம் வந்தது. வந்ததா, முன்னமே இருந்ததா தெரியவில்லை. ஒன்றைப் போடுவது. போட்டுவிட்டு ரெண்டு என்று சொல்லிவிடுவது. அவ்வளவுதானே? நூற்று நாற்பதும் கூடுதல்தானே, அவளுக்கு வித்தியாசம் தெரியும்தான், பழையதுக்கும் இதுக்கும். ரெண்டாவது எப்படியிருக்கும் என்று அவள் கண்டாளா என்ன. பொய் என்று இதை எப்படிச் சொல்வது, பிள்ளைகளுக்கு மருந்தைத் தேனில் குழைக்கிறோமே. வாணி பிள்ளையில்லை. சரி, இல்லைதான். ஆனாலும். ரெண்டாவது போட்டாச்சு அம்மிணி, ரெண்டாவதேதான், என்று ஒருதரம் உதட்டுக்குள்ளேயே சொல்லிப் பார்த்தார். முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பதுதான் தகராறு. வியாபாரத்தில் முப்பது வருஷம், எதிராளி விலை கேட்டால் முகத்தில் ஈ உட்கார்ந்த மாதிரிகூடக் காட்டாத முகம், அவள் முன்னால் மட்டும் கண்ணாடிச் சீசா. அப்போதுதான் வண்டிக்குக் கீழே இருந்து அப்பாஸ் கத்தினான். உள்ளே கம்ப்ரஸர் தடதடவென்று ஓடிக்கொண்டிருக்கிறது. "அண்ணா, சொல்லுங்ணா! ஒன்னா ரெண்டா?" நாச்சிமுத்து எழுந்து நின்றார். தொண்டையைச் செருமினார். "லாபம்!" என்றார். "என்னங்ணா?" "லாபம் தம்பி, லாபம்! லாபத்தையே போட்டுரு!" கீழே இருந்து ஒரு கை வெளியே வந்து கட்டை விரலைக் காட்டிவிட்டு உள்ளே போயிற்று.

இதில் என்ன நடந்தது என்று அவருக்கு அப்போது தெரியாது, கேட்கிறவர்களுக்கு நான் சொல்லிவிட வேண்டும். களத்திலே, மண்டியிலே, அளக்கிற இடத்திலே யாரும் ஒன்று என்று ஆரம்பிப்பதில்லை. முதல் மூட்டையைத் தராசில் ஏற்றும்போது லாபம் என்பார்கள், அடுத்தது ரெண்டு, அப்புறம் மூணு. லாபம், ரெண்டு, மூணு. நாச்சிமுத்துவின் அப்பா அப்படி, அவர் அப்பாவும் அப்படி. முப்பது வருஷமாக மூட்டை எண்ணி எண்ணி அவருக்கு ஒன்று என்கிற எண் வாயிலிருந்தே கழன்றுபோயிற்று. பதட்டம் வந்தால் சுத்தமாக வராது. பல் வைத்தியர் எந்தப் பல்லுங்க, முதல் பல்லா என்று கேட்டதற்கும் லாபம் என்றிருக்கிறார். அதனால் அவர் கணக்குக்கு அவர் தெள்ளத் தெளிவாக ஒன்று என்று சொல்லிவிட்டார். சொல்லிவிட்ட நிம்மதியில் ரோட்டைத் தாண்டி டீக்கடைக்குப் போனார்.

டீ சூடாக இருந்தது. ஊதி ஊதிக் குடித்தார். நிம்மதி ஒரு டம்ளர் டீ வரைக்கும்கூட நிற்கவில்லை. முடிஞ்சுது, ஒன்னுதான், நூத்தி நாப்பதுதான், நல்ல காரியம் பண்ணினோம் என்று ஒரு வாய். அவள் ஏறி உட்கார்ந்து மிதித்துவிட்டு, திரும்பிப் பார்த்து, ஏனுங் இது ரெண்டாவதா என்று கேட்டால் என்று அடுத்த வாய். கேட்கட்டும். கேட்டால் ஆமாம் என்பது. அவள் மறுபடி பார்ப்பாள். பார்க்கட்டும். வால்பாறையில் பதிமூன்றாவது வளைவில் மறுபடி லாரி வந்து மறுபடி ஒரு நொடி யோசித்தால்? அரை நொடிதான் யோசிக்கும், ஒன்றாவது போட்டாலும் பாதி குறையும் என்று அப்பாஸ் சொன்னானே. அந்த மீதி அரை நொடி. அதில் எதிரே பஸ் வந்தால். நாச்சிமுத்துவுக்குத் திடீரென்று டீ கசந்தது. கூடுதல் வேகம்தான் ஆபத்து என்று இத்தனை நேரம் நினைத்துக்கொண்டிருந்தோமே, பத்தாத வேகமும் ஆபத்துதானோ. முந்த ஆரம்பித்துவிட்டு முந்த முடியாமல் பாதியில் நிற்பது. எது அவளைக் காப்பாற்றும், எது காப்பாற்றாது, யாருக்குத் தெரியும். ரெண்டு பக்கமும் போய்ப் போய்த் திரும்பி வந்தது மனசு, செக்கு மாடு மாதிரி என்றால் செக்கு மாட்டுக்காவது எண்ணெய் வரும். ரோட்டில் போகிற பஸ்ஸையெல்லாம் பார்த்துக்கொண்டு ரெண்டாவது டீயும் குடித்தார். பேப்பரைப் புரட்டினார். மேற்கு வானத்தில் கொஞ்சம் மேகம், மழை வந்தால் களத்தில் கொப்பரையை மூட வேண்டும், ஃபோன் போட்டுச் சொன்னார், சொல்லிவிட்டு எதற்கு ஃபோன் போட்டோம் என்று மறந்து மறுபடி போட்டார். "அண்ணா, மூடியாச்சுங்ணா, இப்பத்தானே சொன்னீங்க" என்றார்கள்.

பன்னிரண்டரைக்குத் திரும்பி வந்தபோது பெஞ்சில் அவர் உட்கார்ந்த இடத்தில் ஒரு குழாய் கிடந்தது. கறுத்து, வளைந்து, முழங்கால் எலும்பு மாதிரி. அப்பாஸ் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். "பாத்துக்குங்ணா, இதுதான் உங்க பழைய குழாய். வாய் எவ்வளவு சின்னதுன்னு பாருங்க. வீட்டுக்கு எடுத்துட்டுப் போறீங்களா, இங்கயே போட்டர்றதா?" நாச்சிமுத்து குழாயைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். "இதை எதுக்குய்யா கழட்டின? லாபம்னு சொன்னேனல்ல?" "ஆமாங்ணா, சொன்னீங்க. எது லாபமோ அதப் போட்டுருன்னீங்க. கூட்டிக் கழிச்சுப் பாத்தா ரெண்டாவதுதாங்ணா லாபம். எப்படியும் மறுக்கா ரெண்டாவதுக்குத்தான் வருவீங்க, அப்ப ஒரே வேலைய ரெண்டு தடவ செய்யறதா?" "யோவ், லாபம்னா ஒன்னுய்யா!" "எந்த ஊர்லீங்ணா லாபம்னா ஒன்னு?" "எங்கூர்ல! எல்லா ஊர்லயும்! அளக்கற எல்லா இடத்துலயும்!" "இது அளக்கற எடமுங்களா? எங்க மாமனார் ஜவுளிக் கடையில லாபம்னா லாபந்தாங்ணா." நாச்சிமுத்துவுக்குக் கோபம் வந்து, வந்த வேகத்தில் அது சிரிப்பாக மாறப்பார்த்து, ரெண்டும் இல்லாமல் போயிற்று. அப்பாஸ் முகம் வாடிவிட்டது. தப்பு யார் மேல் என்று அவனுக்கும் புரியவில்லை. "மறுபடி பழசைப் போடணும்னா மூணு மணி நேரமாகுங்ணா. அக்கா ரெண்டு மணிக்கு வந்துருவாங்க" என்றான். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கிட்டே வந்து சொன்னான். "ஒன்னு பண்ணலாங்ணா. குழாய் அப்படியே இருக்கட்டும். கம்ப்யூட்டர்ல இன்னும் எழுதல. அதுல ஒன்னாவதையே எழுதி விட்டர்றேன். சத்தமெல்லாம் ரெண்டாவது மாதிரியே கேக்கும். எழுத்து ஒன்னாவது. அக்காவுக்குத் தெரியாது."

தெரியாது. நாச்சிமுத்து குழாயை நகர்த்திவிட்டு உட்கார்ந்தார். பாருங்கள், கடவுள் பார்த்துக் கையில் கொடுக்கிற மாதிரி வந்திருக்கிறது. காலையில் அவர் திட்டம் போட்ட பொய்க்குக் கைகால் இல்லாமல் இருந்தது, இப்போது அதற்குக் குழாய், சத்தம், சாட்சி எல்லாம் வந்துவிட்டது. மேலே திறந்து பார்த்தாலும் பெரிய குழாய்தான் தெரியும். அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியாது என்று மச்சினனும் சொன்னான். சதைத் துணுக்கு எடுத்து அனுப்பிய பரிசோதனைக் காகிதம் வந்த அன்றைக்கு, ஆஸ்பத்திரிப் படியில் நின்றுகொண்டு, அக்காவுக்கு இப்பச் சொல்ல வேண்டாங்க மாமா, சாதாக் கட்டின்னு சொல்லிருவோம், அக்காவுக்குத் தெரியாது என்றான். மூன்று நாள். மூன்று நாள் சாதாக் கட்டி, சாதாக் கட்டி என்று இவர் வீட்டுக்குள் நடந்தார். பால்காரரிடம்கூடச் சாதாக் கட்டி என்றார்.  வாணி துணி மடித்தாள், பரீட்சைத் தாள் திருத்தினாள். முதல் நாள் ராத்திரியே அலமாரியில் அந்தக் காகிதத்தை எடுத்துப் படித்துவிட்டிருந்தாள். வைத்தியமெல்லாம் முடிந்து ஒரு வருஷம் கழித்துத்தான் சொன்னாள், வண்டி ஓட்டிக்கொண்டே, ரோட்டைப் பார்த்துக்கொண்டே. "ஊசி, கத்தி, கரண்டு, அதெல்லாம் வைத்தியமுங்க. எனக்கு நோவுன்னா அந்த மூணு நாளுதான். நீங்க எல்லாரும் ஒரு பக்கம் போயிட்டீங்க. நான் மட்டும் தனியா ஒரு பக்கம் நின்னேன். என்ற ஒடம்பே என்றகிட்ட இருந்து எடுத்து நீங்க பீரோவுல வெச்சுப் பூட்டிக்கிட்டாப்புல." அதைக் கேட்டுவிட்டு அவர் அழுதார். கிணத்துக்கடவு வரைக்கும் அழுதார். அழுததோடு சரி. மறுபடி அதே படியில்தான் வந்து நிற்கிறார், மச்சினனுக்குப் பதில் அப்பாஸ். காப்பாற்றுவது என்று பேர் வைத்துக்கொண்டு அவளை மறுபடி தனியாக ஒரு பக்கம் நிறுத்தப் பார்க்கிறோம். ரோட்டில் அவள் கால் மிதிக்கிறது ஒரு வண்டி, இவருக்கு மட்டும் தெரிந்தது வேறே வண்டி.

"அக்கா என்னங்ணா கேட்டாங்க?" என்று அப்பாஸ் மெதுவாகக் கேட்டான். "அவ கேட்டது…" என்றார். நின்றது. அட்டை பெஞ்சிலேயேதான் கிடந்தது. வலது கட்டம். மசமசவென்றுதான் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும். "இப்பவாவது தெளிவாச் சொல்லிருங்ணா, லாபம் கீபம்னு இல்லாம. ஒரு தடவ எழுதிட்டா எழுதினதுதான்." நாச்சிமுத்து எழுந்து நின்றார். வேட்டியை இறுக்கிக் கட்டினார். "ஸ்டேஜ் ரெண்டு" என்றார். சத்தமாகத்தான் வந்தது. பக்கத்துக் கடையில் டயருக்குக் காற்றடிப்பவர்கூடத் திரும்பிப் பார்த்தார். "ஸ்டேஜ் ரெண்டு போட்டிருக்குது, ஸ்டேஜ் ரெண்டையே எழுது." சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தார், ஏதாவது ஆகிறதா என்று. ஒன்றும் ஆகவில்லை. கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. பல்லி இருந்த இடத்தில் பல்லி இல்லை. அப்பாஸ் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குள் போய் உட்கார்ந்தான். நாச்சிமுத்து வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டார், "ஏந் தம்பி, இத்தனை வேகம் குடுக்கறயே, நிறுத்தறதுக்கு என்ன குடுக்கற?" அப்பாஸ் தலையைத் தூக்கிப் பார்த்தான். "நல்ல பிரேக் பேட் இருக்குதுங்ணா. மலையிறக்கத்துல சூடேறினாலும் பிடிமானம் விடாது. பிரேக் ஆயிலும் மாத்திரலாம். யாரும் கேக்க மாட்டாங்க, எல்லாரும் வேகத்த மட்டும் கேட்டுட்டுப் போயிருவாங்க. நானாச் சொன்னாலும் பாக்கலாம்பாங்க." "நான் கேக்கறேன். போடு. நாலு சக்கரத்துக்கும். முன்னாடி டயர் ரெண்டும் தேஞ்சிருக்குது, அதுவும் மாத்து." சொல்லச் சொல்ல அவருக்குக் கையிலும் காலிலும் ரத்தம் ஓடுகிற மாதிரி இருந்தது. செய்வதற்கு ஒரு வேலை இருந்திருக்கிறது, இத்தனை நேரம் அது எங்கே இருந்தது என்றுதான் தெரியவில்லை. "வேற என்ன தேயும்?" "கிளட்சுங்ணா. இந்த பலத்துக்குக் கொஞ்சம் சீக்கிரமாத் தேயும். அக்கா ஓட்டறது பக்குவமான கால், அதனால இன்னொரு நாப்பதாயிரம் கிலோமீட்டர் தாராளமா வரும்." நாற்பதாயிரம். பொள்ளாச்சியிலிருந்து கோட்டூர் போக வர எவ்வளவு, பள்ளிக்கூடம் வைக்கிற நாள் எத்தனை, வால்பாறை, சொந்தக்காரர் கல்யாணம் காதுகுத்து. நாச்சிமுத்து மனசுக்குள் கணக்குப் போட்டார். மூன்று வருஷம். போட்டு முடித்த பிறகுதான் திடுக்கென்றது. இந்த ரெண்டு வருஷமாக அவர் அடுத்த செக்கப்புக்கு அந்தப் பக்கம் எதையும் எண்ணினதில்லை. தென்னங்கன்று வைக்கலாமா என்று களத்தில் கேட்டதற்குக்கூட, பாக்கலாம் என்றிருக்கிறார், காய்க்க நாலைந்து வருஷம் ஆகுமே என்று. இப்போது கிளட்சுக்கு மூன்று வருஷம் எண்ணிவிட்டது மனசு, அவரைக் கேட்காமலேயே.

அப்புறம் வண்டியைப் பலம் அளக்கிற உருளை மேல் ஏற்றிப் பட்டை போட்டுக் கட்டி ஓடவிட்டார்கள். நின்ற இடத்திலேயே நூற்றைம்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓடியது, கொட்டகைத் தகரமெல்லாம் அதிர்ந்தது, மடிக்கணினியில் ஒரு கோடு ஏறிக்கொண்டே போயிற்று. காலையில் எடுத்த பழைய கோடு பாதி வழியில் தலையைத் தொங்கப் போட்டது, புதுக்கோடு அதைத் தாண்டி நிமிர்ந்து போயிற்று. "நூத்தி அம்பத்தேழு குதிரைங்ணா" என்று அப்பாஸ் கத்தினான். நாச்சிமுத்து பட்டையைத்தான் பார்த்தார். நாலு பக்கமும் இழுத்துக் கட்டின பட்டை, விறைத்துக்கொண்டு. கழட்டு தம்பி, போதும், கழட்டிவிடு என்றார்.

வாணி ரெண்டேகாலுக்கு வந்தாள், கையில் பயிற்சி வகுப்பில் கொடுத்த ஃபைல், நெற்றியெல்லாம் வேர்வை. நேராக வண்டி முன்னால் போய்க் குனிந்து பார்த்தாள், கீழே பார்த்தாள், அப்புறம் இவரைப் பார்த்தாள். "எதப் போட்டீங்க?" "ரெண்டு. ஸ்டேஜ் ரெண்டு." அவள் புருவம் உயர்ந்தது. அந்த வார்த்தையை அவர் வாயில் அவளும் கேட்டதில்லை. அவர் நிறுத்தவில்லை, நிறுத்தினால் மறுபடி அடைத்துக்கொள்ளும் என்று தெரியும். "ஒன்னப் போட்டுட்டு ரெண்டுன்னு உங்கிட்டச் சொல்லிரலாம்னு பாத்தேன் அம்மிணி. காலைல முச்சூடும் அதே யோசனை. ஒன்னுன்னுதான் சொன்னேன். ஒன்னுங்கறதுக்கு லாபம்னு வாயில வந்துருச்சு, இந்தத் தம்பி ரெண்டாவதப் போட்டுருச்சு. அப்பவும் ஏமாத்தறதுக்கு வழி இருந்துது. வேண்டாம்னுட்டேன்." அப்பாஸ் துணியை எடுத்துக்கொண்டு, துடைக்க ஒன்றும் இல்லாத இடத்தைத் துடைக்கப் போனான்.  வாணி ஃபைலால் விசிறிக்கொண்டாள். "பல்லு வைத்தியருக்கு அப்புறம் இந்தத் தம்பிதானா?" என்றாள். குரலில் சிரிப்பு பாதி, மீதி என்ன என்று அவருக்குப் பிடிபடவில்லை. "இன்னொருக்கா என்னைய வெச்சு இப்படிக் கணக்குப் போட்டீங்கன்னு வையுங்க, உங்களக் கிணத்துக்கடவுல எறக்கி விட்டுட்டுப் போயிருவேன்." "எறக்கி விடு." "ஏறுங்க மொதல்ல."

டவுன் தாண்டுகிற வரைக்கும் அவள் மெதுவாகத்தான் ஓட்டினாள். வண்டிக்குத் தொண்டை உடைந்த மாதிரி ஒரு கனத்த குரல் வந்திருந்தது. பொள்ளாச்சி ரோட்டில் கூட்டம் குறைந்ததும் காலை அழுத்தினாள். நாச்சிமுத்துவின் முதுகை யாரோ சீட்டோடு சேர்த்து அமுக்கினார்கள். வயிறு ஒரு நொடி பின்னால் தங்கிவிட்டு அப்புறம் வந்து சேர்ந்தது. தென்னைமட்டை ஏற்றின லாரி ஒன்று முன்னால் இருந்தது, கண்ணை மூடித் திறப்பதற்குள் பின்னால் போய்விட்டது. பயந்தார். பயந்ததை மறைக்கவும் இல்லை, சீட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். புது பிரேக்கை ஒருதரம் மிதித்துப் பார்த்தாள், வண்டி தலையைக் குனிந்து உடனே நின்றது. "இது யார் போடச் சொன்னது?" "நான்தான்." ம் என்றாள். திரும்பவும் காலை அழுத்தினாள். கொஞ்ச தூரம் போனதும், "இத்தனை இழுவைக்குக் கிளட்ச் தாங்குமாமா?" என்று கேட்டாள். "மூணு வருஷம் தாங்கும்" என்றார் நாச்சிமுத்து. "அப்புறம் வேற மாத்திக்கலாம்." வாணி டக்கென்று திரும்பி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, மறுபடி ரோட்டைப் பார்த்தாள். "மூணு வருசமா?" "மூணு வருசம். கணக்குப் போட்டுட்டேன். அதுக்கடுத்ததும் அதே தம்பிகிட்டயே போட்டுக்கலாம்." ரெண்டு பஸ் ஸ்டாப் பின்னால் போயிற்று. மூக்கை ஒருதரம் உறிஞ்சினாள். அப்புறம் ஜன்னல் கண்ணாடியைப் பூராவும் இறக்கிவிட்டு, சுருட்டை முடி முகத்தில் பறக்க, கையைக் கியர் மேல் வைத்துக்கொண்டு, "நல்லாப் புடிச்சுக்குங்க" என்றாள்.